முன்பல்லை மூடி வைத்த வகுப்பு

மகேஸ்வரி சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "ஒன்பது வயசுக்குக் குறையாது." சொன்ன இடம்தான் தப்பாகப் போயிற்று.

தசரா முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மைசூரில் ரயில் பாதையை ஒட்டிய அந்தத் தெருவில் பதினாறு வீடுகளில் மாடு உண்டு. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள்தான் பாதிக்கு மேல். ஒரு பசு, இரண்டு பசு வைத்துக்கொண்டு சுற்றியிருக்கும் லேஅவுட்டுகளுக்குப் பால் ஊற்றுகிறவர்கள். மகேஸ்வரி பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அப்பா கந்தசாமி மேஸ்திரி. இப்போது நாற்பத்தேழு வயதில் அவள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறை உதவிப் பேராசிரியை. வீடு இரண்டு தெரு தள்ளி. அன்று மாணவர்கள் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மாரியம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

மாரியம்மாவின் செவலைப் பசு ஒரு வாரமாகத் தீனியை விழுங்காமல், பாதி மென்று உருண்டையாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. தீனி மாற்றியதால் இருக்கும் என்று மாரியம்மா நினைத்தாள். பல்லில் கோளாறு என்று மகேஸ்வரிக்குப் பார்த்ததுமே பட்டது. மாட்டுப் பல் வைத்தியத்துக்குத் தனியாகப் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று கல்லூரியில் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் அவள். கண்ணெதிரே இப்படி ஒரு மாடு நின்றால் விடுவாளா? கையுறையை மாட்டினாள், கயிற்றைப் பிடிக்கச் சொன்னாள், கீழுதட்டை மடக்கினாள். எட்டு முன்பற்களும் தேய்ந்து, இடைவெளி விட்டு நின்றன. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபது வருஷப் பழக்கம். வாய் தானாக வயதைச் சொல்லிவிட்டது.

வாசல் ஓரத்தில் டி.நரசிபுராவிலிருந்து வந்த ஒருவர் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. மாட்டை விலைக்குப் பார்க்க வந்தவர். ஆறு வயசு, மூணாம் ஈத்து என்று மாரியம்மா அவரிடம் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தத் தெருவில் மூன்று வயதைக் குறைத்துச் சொல்வதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. வாங்க வருகிறவரும் மனதுக்குள் மூன்றைக் கூட்டிக்கொண்டுதான் பேசுவார். ஆனால் அதுவே டாக்டர் வாயிலிருந்து, பதினைந்து பேர் முன்னால் வந்துவிட்டால் விஷயம் வேறு. வந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொரு நாள் வர்றேம்மா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏண்டி மகேசு, உன்ன மாட்டுக்கு வைத்தியம் பாக்கக் கூப்பிட்டனா, ஜாதகம் பாக்கக் கூப்பிட்டனா?"

"அக்கா, தெரியாம வாய்ல வந்துருச்சு..."

"தெரியாமயா? எல்லாம் தெரிஞ்சதாலதானே சொன்னே! உன் நாக்குக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டுட்டு வா. அப்புறம் என் மாட்டப் பிடிக்கலாம்."

பின்னாலிருந்து ஒரு மாணவன் சிரித்தான். சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டான். மாரியம்மா செவலையை உள்ளே இழுத்துக் கட்டித் தகரக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி நடக்கும்போது மகேஸ்வரியை உறுத்தியது அந்தத் திட்டு அல்ல. இதைவிடப் பெரிய திட்டெல்லாம் அந்தத் தெருவில் அவள் சின்ன வயதிலேயே வாங்கியிருக்கிறாள். முன்பல்லைப் பார்த்தாயிற்று, வயதைச் சொல்லியாயிற்று; கோளாறு இருக்கிற கடைவாயைப் பார்க்கவே இல்லை. எதைச் செய்யக் கூடாது என்று ஆறு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்தாளோ, அதையே செய்திருந்தாள்.

அவள் படித்த காலத்தில் மாட்டின் பல் என்றால் வயது, அவ்வளவுதான். ஐந்து வருஷப் படிப்பில் அதற்கு ஒரு வகுப்பு, ஒரு செய்முறை. தேர்வில் உதட்டைப் புரட்டி இரண்டு பல்லா, நாலு பல்லா, எட்டும் முளைத்துத் தேய்ந்ததா என்று சொன்னால் மதிப்பெண். அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. முதல் வேலை ஹனூர்ப் பக்கம். கோபிநத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு சிற்றூர். அங்கே பழனிமுத்து என்று ஒரு விவசாயி. அவருடைய மாடு தின்னாமல் கிடந்தது. பூச்சி மருந்து கொடுத்தாள், ஈரல் டானிக் கொடுத்தாள், வயிற்றுக்குப் பொடி கொடுத்தாள். இருபது நாள் போய் வந்தாள். இருபத்தோராம் நாள் மாடு செத்தது. அறுத்துப் பார்த்தபோது கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து, கன்னச் சதை அழுகி, தாடை எலும்புக்குள் சீழ் இறங்கியிருந்தது.

பழனிமுத்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, நீங்கதான் அன்னாடம் பல்லப் பாத்தீங்களே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"பாத்தேனுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பல்லைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வெளியூர்ப் பயிற்சிக்குப் போனாள். குதிரைப் பல்லைத் தேய்க்கும் அரத்தை வரவழைத்து, மாட்டு வாய்க்குத் தோதாகப் பட்டறையில் வளைத்து வாங்கினாள். பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து தாடைகளைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வேகவைத்துச் சுத்தம் செய்தாள். அவள் கணவர் செந்தில்நாதன் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "பாத்துக் கால வைங்க, எங்க வீட்ல பாத்திரத்தவிடத் தாடை அதிகம்" என்பார். சொல்வாரே தவிர, அடுப்புக்கு சிலிண்டர் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவதும் அவர்தான்.

தெருவில் நடந்தது ஒரு வாரத்தில் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. துறைத் தலைவர் கிருஷ்ணராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. எதையும் எண்ணிக்கையாகக் கேட்கிறவர். அடுத்த பருவத்தில் விருப்பப் பாடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் காலியாக இருந்தது. மகேஸ்வரி பல்லுக்குக் கேட்டிருந்தாள். வேறொருவர் ஸ்கேன் பயிற்சிக்குக் கேட்டிருந்தார்.

"உங்க பல்லுக்கு நான் விரோதி இல்ல மகேஸ்வரி. ஆனா நம்ம ஆஸ்பத்திரிக்குப் பல்லுன்னு சொல்லி வருஷத்துக்கு எத்தன மாடு வருது?"

"வர்றதில்ல சார். நாம பாக்கிறதில்லங்கறதால அவங்க கொண்டு வர்றதில்ல."

"இப்ப நீங்க பாக்கப் போனாலும் கதவச் சாத்துறாங்களாமே?"

அவர் நாள்காட்டியைப் புரட்டினார்.

"நவம்பர் கடைசி சனிக்கிழமை. ஒரே நாள்ல பத்து மாடு. பத்துக்கும் சொந்தக்காரங்க சம்மதக் கையெழுத்து. நானே கூட நின்னு பாக்கறேன். ஒன்பது ஆச்சுன்னாக்கூட அந்தப் பன்னிரண்டு மணி நேரம் ஸ்கேனுக்குப் போயிடும். சரியா?"

"சரி சார்" என்றாள். ஐந்து வாரம் இருந்தது.

முதல் ஞாயிறு காலைக் கறவை முடிந்த நேரமாகப் பார்த்து, தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது வீடு கெம்பம்மாவுடையது. கெம்பம்மா கன்னடக்காரி, தெருவில் முப்பது வருஷம் இருந்ததில் அவள் பேச்சில் எது கன்னடம், எது தமிழ் என்று அவளுக்கே தெரியாது.

"பேடம்மா, வேணாம். எங்க மாடு சென்னாகி, நல்லாத் தின்னுது. எதுக்கு வாயத் திறக்கணும்?"

"வயச நான் சொல்ல மாட்டேங்க்கா. சத்தியமா."

"நீ சொல்ல மாட்டே. உன்கூட வர்ற பிள்ளைங்க? பதினஞ்சு பேரு கண்ணு, பதினஞ்சு போனு. நாளைக்கு என் மாட்டுப் பல்லு வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் சுத்தும். அப்புறம் அத யாரு வாங்குவா, நீயா?"

பதினாறு வீட்டிலும் ஏறி இறங்கினாள். அடுத்த வாரம் தெருவை விட்டு வெளியே, நஞ்சன்கூடு சாலைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் போனாள். அங்கேயும் சேதி போயிருந்தது. "நீங்க அந்த வயசு சொல்ற டாக்டரம்மாதானே?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டு, மோர் கொடுத்து அனுப்பினார். கையெழுத்து கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. செந்தில்நாதன் ஒருநாள் சாப்பிடும்போது, "விட்டுடேன். அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்" என்றார். "அடுத்த வருஷமும் அதே பல்லுதான் இருக்கும், அதே கதவுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. வகுப்பில் வெறும் தாடை எலும்புகளைக் கொடுத்து, கோளாறு என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். மூன்று மேஜை, மூன்று தாடை. அனுப்ரியா இருந்த மேஜைக்குப் போனது, பல் ஒன்று நடுவில் பிளந்திருந்த தாடை. வாசல்படியிலிருந்து பார்த்தாலே தெரியும் பிளவு. ஐந்து பேரும் குனிந்து முன்பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுப்ரியா தமிழ்ப் பெண். கன்னடம்தான் அவளுக்குச் சரளம். கெட்டிக்காரி. நிமிர்ந்து, "அஞ்சு வயசு, மேடம்" என்றாள்.

"நான் வயசு கேட்டனா?"

"இல்ல மேடம்." மறுபடி குனிந்தாள். மறுபடியும் முன்பல்.

மகேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. தன்னைத்தானே பார்த்த மாதிரி இருந்தது. மேஜையிலிருந்த பேண்டேஜ் துணியை எடுத்து அந்த முன்பல் வரிசை முழுவதையும் சுற்றிக் கட்டினாள். "இப்பப் பாருங்க."

பார்க்க வேறு எதுவும் இல்லாததால் கண்கள் மெதுவாகப் பின்னால் போயின.

"மேடம்... மூணாவது கடைவாய்ப் பல்லு பிளந்திருக்கு. இது எப்படி முதல்ல தெரியல?" என்றாள் அனுப்ரியா.

மகேஸ்வரி துணி சுற்றிய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் துணிக்குப் பின்னால் மாட்டின் வயது மறைந்திருந்தது. முதலிலேயே பார்த்திராவிட்டால் மாணவர்களுக்கும் தெரிந்திருக்காது. யாருக்குமே தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினின் மூடியைக் கழற்றினாள். செந்தில்நாதன் வந்து பார்த்தபோது அவருடைய ரெயின்கோட் மேஜைமேல் கைகால் விரித்துக் கிடந்தது.

"என்ன தைக்கிறே?"

"மாட்டுக்கு மாஸ்க்கு."

"கொரோனாவே போயிருச்சு, இப்பப் போயி மாட்டுக்கா?"

"மூஞ்சிக்கு இல்லங்க. பல்லுக்கு."

"அது சரி. என் ரெயின்கோட்டு?"

"கிழிஞ்சதுதானே."

"கிழியல மகேஸ். இப்பத்தான் கிழியுது."

பசுவுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே மட்டும் எட்டு. அந்த எட்டையும் மூடுகிற மாதிரி ஒரு சின்ன உறை. கேட்கச் சுலபம். முதல் உறையைக் கல்லூரிப் பசு நாக்கால் நெம்பி அரை நிமிஷத்தில் துப்பியது. இரண்டாவதை மெல்ல ஆரம்பித்தது. அது தொண்டைக்குள் போகும் முன் விரலை விட்டுப் பிடுங்குவதற்குள் மகேஸ்வரிக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவதில் வழி கிடைத்தது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில், பல்லே இல்லாத வெற்று ஈறு நாலு விரல் அகலத்துக்கு உண்டு. உறையின் இரண்டு பக்கமும் நாடா தைத்து, அந்த வெற்றிடத்தின் வழியாக விட்டுத் தாடைக்கு அடியில் முடிந்தாள். மாடு தலையை ஆட்டிப் பார்த்தது, நாக்கைச் சுழற்றியது. உறை அசையவில்லை.

ஒரு தாடை எலும்பையும் உறையையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கெம்பம்மாவிடம் போனாள். கெம்பம்மா எலும்பை மடியில் வைத்து உறையை மாட்டினாள், அவிழ்த்தாள், ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள், வெயிலில் பிடித்து உள்ளே தெரிகிறதா என்றும் பார்த்தாள்.

"கட்டறது நான்தான் கட்டுவேன்."

"நீங்களே கட்டுங்கக்கா."

"அவுக்கறதும் நான்தான். உன் பிள்ளைங்க கை முன்னால வரவே கூடாது."

"வராது."

"போனு?"

"ஒரு பக்கெட்டுல போட்டு உங்ககிட்டயே குடுத்துடறேன்."

கெம்பம்மா எலும்பைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

ஒரு கையெழுத்து வந்ததும் மற்றவை நகர்ந்தன. கெம்பம்மாவே நாலு வீட்டுக்குக் கூட வந்து, தாடையைக் காட்டி உறையைக் கட்டியும் காண்பித்தாள். கடைசி வாரம் புதன்கிழமை ஒன்பது கையெழுத்து சேர்ந்திருந்தது. பத்தாவதாக எந்த மாடு வேண்டும் என்பதில் மகேஸ்வரிக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்டுப் போகத்தான் கால் வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குப் போனாள். மாரியம்மா கறந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. செவலையின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக் பாட்டில்கள் ஜன்னலில் வரிசையாக நின்றன. அந்த வரிசையைப் பார்த்ததும் அவளுக்கு ஹனூர் ஞாபகம் வந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"வயசு தப்பா?"

"வயசு சரி. சொன்னது தப்பு."

"அத ஒத்துக்க ஒரு மாசமா உனக்கு?"

"நீங்க கதவத் திறக்கலியே."

"நீ தட்டவே இல்லியேடி."

உண்மைதான். பதினாறு வீடும் ஏறி இறங்கியதாகத்தான் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். மாரியம்மா வீட்டுக்கு எதிரில் நின்று பார்த்துவிட்டு, சாத்திய கதவைத் தட்டாமலே அடுத்த வீட்டுக்குப் போனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சம்மதத் தாளை நீட்டினாள். மாரியம்மா வாங்கி, ஈரக் கையால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. "பாக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரி வளாகத்தில் ஏழு மாடுகள் நின்றன. வர வேண்டிய ஒன்று இரவில் கன்று போட்டிருந்தது. இன்னொரு வீட்டுக்காரர், அவ்வளவு பேர் முன்னால் எதற்கு என்று கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். கிருஷ்ணராஜ் கையில் ஒரு அட்டையோடு வந்து, எண்ணிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வகுப்பு நடந்தது. சொந்தக்காரர்கள் உறையைக் கட்டினார்கள். போன்கள் பக்கெட்டில் கிடந்தன. கெம்பம்மா அதற்குப் பக்கத்தில் காவல். வாய் மூடாமல் இருக்க ஒரு பக்கக் கடைவாயில் இரும்பு ஆப்பை வைத்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். நாலு வாயில் ஒரு கோளாறும் இல்லை. "நல்ல வாய் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் கெட்டது தெரியும். சும்மா பாக்காதீங்க, தடவிப் பாருங்க" என்று மகேஸ்வரி ஒவ்வொரு மேல்வரிசையையும் தொடவைத்தாள். இரண்டு மாட்டுக்குப் பல் ஓரம் கத்தி மாதிரி வளர்ந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது, அரத்தால் தேய்த்தார்கள். ஒன்றுக்குப் பல் ஆடியது. ஒருவர்கூட வயதைச் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

மத்தியானம் கிருஷ்ணராஜ் எழுந்தார். "நல்லாத்தான் நடந்தது. ஆனா ஏழு."

"நாள் இன்னும் முடியல சார்."

"மாடு வரணுமே?"

"மாடு வராட்டி வகுப்பு போகும். டெம்போ நிக்குது. நீங்களும் ஏறுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏறினார்.

தெருவுக்கு வந்ததும் கெம்பம்மா தன் இரண்டாவது மாட்டைத் தானாகவே வெளியே பிடித்து வந்து, கையெழுத்தும் போட்டாள். எட்டு. பின்வாங்கிய வீட்டுக்காரரிடம், "மூணே மூணு பிள்ளைங்க வருவாங்க, உங்க கொட்டகைக் கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்கறோம்" என்றாள் மகேஸ்வரி. மற்றவர்கள் தெருவில் நின்றார்கள். ஒன்பது. மணி நாலு ஆகிவிட்டது. எல்லாருமாக மாரியம்மாவின் தகரக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். இந்தத் தடவை மகேஸ்வரி தட்டினாள்.

"அக்கா, ஒன்பது ஆயிருச்சு."

"அதுக்கு?"

"பத்து வேணும். நீங்க வேணாம்னு சொன்னா இவங்கள அனுப்பிட்டு நான் மட்டும் வந்து பாக்கறேன். எப்படியும் இன்னிக்குப் பாத்தே ஆகணும். மாடு தாங்காது."

மாரியம்மா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவரு யாரு, கண்ணாடி போட்டவரு?"

"எங்க துறைத் தலைவர்."

"அவரு எதுக்கு?"

"நான் ஒழுங்கா சொல்லித் தர்றனான்னு பாக்க."

"நல்லாப் பாக்கட்டும். எனக்கும் தெரியணும்." இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் கையெழுத்து இருந்தது.

செவலையை வாசலுக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். மாரியம்மா உறையை வாங்க மகேஸ்வரி பக்கம் திரும்பினாள். அந்தச் சின்ன இடைவெளியில் கிருஷ்ணராஜ் முன்னால் வந்து, முப்பது வருஷ அனுபவத்தோடு குனிந்து, மாட்டின் கீழுதட்டில் கை வைத்தார்.

"சார், கை!"

மாரியம்மா போட்ட சத்தத்தில் மாடே ஒரு அடி நகர்ந்தது. கிருஷ்ணராஜ் சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்தார்.

"பழக்கம்மா" என்றார்.

"அந்தப் பழக்கத்தாலதான் சார் எங்க வீட்டு வாசல்ல உக்காந்தவரு எந்திரிச்சுப் போனாரு" என்று சொல்லிக்கொண்டே மாரியம்மா உறையை இழுத்துக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டாள். கிருஷ்ணராஜ் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பின்னால் போய் மாணவர்களோடு நின்றார்.

"அனுப்ரியா, எச்சில் ஒழுகுது. முதல்ல என்ன கேக்கணும்?"

"நாய் கடிச்சுதா, வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கான்னு, மேடம்."

"நாயும் கடிக்கல, நரியும் கடிக்கல. கார்டு இருக்கு, ஊசி போட்டதுதான்" என்றாள் மாரியம்மா.

"இருந்தாலும் ரெண்டு கையுறை போட்டுக்கோ."

ஆப்பை வைத்ததும் ஒரு நாற்றம் வந்தது. அனுப்ரியா முகத்தைத் திருப்பவில்லை. விளக்கைச் சாய்த்து, நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிப் பார்த்தாள். "மேல்வரிசை, இடது பக்கம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஏதோ சிக்கியிருக்கு மேடம். ஈறுக்குள்ள போயிருக்கு." இடுக்கியால் பிடித்து இழுத்தாள். மாடு தலையை வெட்டியது. அவள் கை நின்றுவிட்டது. திரும்பி மகேஸ்வரியைப் பார்த்து இடுக்கியை நீட்டினாள்.

மகேஸ்வரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீதான் எடுக்கணும். இழுக்காத. ஒரு பக்கம் வெட்டு, அப்புறம் மறுபக்கத்துலருந்து உருவு."

கத்தரிக்கோல் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை அறுந்தது. இரண்டு சாண் நீளத்துக்குப் பச்சை நைலான் நூல், கறுத்துப்போன பூக்காம்புகளோடு வெளியே வந்தது. பின்னாலேயே சீழும் கொஞ்சம் ரத்தமும்.

மாரியம்மா அதைக் குனிந்து பார்த்தாள். "ஆயுத பூஜை மாலை" என்றாள். "நான்தான் போட்டேன். பூசை முடிஞ்சதும் எப்பவும் மாட்டுக்குத்தான் போடறது. முன்னெல்லாம் வாழைநார்ல கட்டுவாங்க, தின்னுட்டுப் போகும்." பிறகு யாரையும் பார்க்காமல், "டானிக்கு வேற ஊத்தினேன்" என்றாள்.

வாயைக் கழுவினார்கள். நூல் அறுத்திருந்த பல்லின் ஓரத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார்கள். ஒரு வாரத்துக்குத் தவிட்டுக் கஞ்சியும் இளம்புல்லும்தான் என்று சொன்னாள் மகேஸ்வரி. புண்ணுக்கு ஊசி போட்டு, பால் எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்றும் சொன்னாள். மாரியம்மா உறையை அவிழ்த்து, அலசி, கொடியில் காயப்போட்டாள். கல்லூரியுடையது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

டெம்போவில் திரும்பும்போது கிருஷ்ணராஜ் அட்டையில் பத்து என்று எழுதிக் கோடு போட்டார்.

"ஒத்துக்கறேன். ஆனா பன்னிரண்டும் குடுக்க முடியாது மகேஸ்வரி. எட்டு வச்சுக்கோங்க. நாலு ஸ்கேனுக்கு. அவங்களும் கேக்கறாங்க இல்லியா?"

"சார், ஒன்பது மாடுன்னா ஒத்துக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"பத்து காட்டிட்டேன். பன்னிரண்டு மணின்னும் நீங்கதான் சொன்னீங்க. நான் எட்டுக்கு ஒத்துக்க மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். டெம்போ இரண்டு சிக்னல் தாண்டியது. பின் இருக்கையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை எழுதிக் குடுங்க" என்றார் கடைசியில். "பன்னிரண்டுக்கே எழுதுங்க. தேர்வுல முன்பல்ல மூடித்தான் மாட்டக் காட்டணும்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. இல்லேன்னா எல்லாரும் என்ன மாதிரிதான் கை வைப்பாங்க."

"சரி சார்."

தேவராஜ மார்க்கெட்டைத் தாண்டியதும் அவள் டிரைவரின் தோளைத் தட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். எதிரே ரெக்சின் கடை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். துறைத் தலைவரையும் பதினைந்து பிள்ளைகளையும் வண்டியில் உட்காரவைத்துவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்து, அடுத்த பருவத்தில் வரப்போகிற அறுபது பிள்ளைகளுக்கு, இரண்டு பேருக்கு ஒன்றாக முப்பது உறை தைக்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள்.